ஒன்பது வெற்றியும் ஒரு மறுப்பும்

(கல்லூரி விளையாட்டு விழா ஒன்றில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டு விழாவில் வென்றவர்களைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை நான் மீறப்போவதில்லை. ஒரே சீசனில் ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதிலும் வென்ற ஒரு கல்லூரி அணியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். எழுபது ஆண்டுகள் கடந்தும் அந்த அணியின் பெயர் நிலைத்திருப்பதற்கு, அது ஆட மறுத்த பத்தாவது ஆட்டம் காரணம். அந்த மறுப்பு எங்கிருந்து வந்தது, அதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன என்பதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆண்டு 1951. இடம் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சான் பிரான்சிஸ்கோ நகரம். சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தை 1855-இல் தொடங்கியவர்கள் இயேசு சபையார். சென்னை லயோலாவையும் திருச்சி புனித வளனார் கல்லூரியையும் நடத்துகிறார்களே, அதே சபைதான். அந்தப் பல்கலைக்கழக அணிக்கு 'டான்ஸ்' என்று பெயர். அவர்கள் ஆடியது அமெரிக்கக் கால்பந்து. நாம் ஆடும் கால்பந்திலிருந்து அது முற்றிலும் வேறானது. பக்கத்துக்குப் பதினொரு பேர். முட்டை வடிவப் பந்து. நூறு கஜ மைதானம். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம். நான்கு முயற்சிக்குள் பத்துக் கஜம் முன்னேறினால் பந்து உங்களிடமே இருக்கும். இல்லையென்றால் எதிரணிக்குப் போகும்.

இந்த ஆட்டத்தில் ஒரு சங்கதியை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பந்தை ஏந்தி ஓடுகிறவனைத்தான் கூட்டம் பார்க்கிறது. ஆனால் அவனுக்கு முன்னால் ஒரு வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் இருப்பவர்கள் எதிரணிக்காரர்களை உடம்பால் முட்டித் தள்ளி, ஒரு நொடிக்கு ஒரு இடைவெளி திறக்கிறார்கள். அந்த இடைவெளி திறக்காவிட்டால் உலகின் மிக வேகமான ஓட்டக்காரனும் நின்ற இடத்திலேயே விழுவான். ஓட்டக்காரன் கடக்கும் ஒவ்வொரு கஜத்திலும் பெயர் தெரியாத ஐந்தாறு பேரின் உழைப்பு இருக்கிறது.

அந்த 1951 அணியின் ஓட்டக்காரர் ஆலி மேட்சன். டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் படித்த கறுப்பின இளைஞர். தற்காப்பின் தூண் பர்ல் டோலர். டென்னஸி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரிலிருந்து வந்தவர், அவரும் கறுப்பினத்தவர். இருவரும் சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜில் ஒன்றாக ஆடி, 1948-இல் அந்த அணியைத் தோல்வியே காணாத அணியாக ஆக்கிவிட்டு இங்கே வந்தார்கள். அணியில் கறுப்பினத்தவர் இவர்கள் இருவர் மட்டுமே.

மற்றவர்களையும் பாருங்கள். ஜீனோ மார்ச்செட்டி, இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் ஐரோப்பாவில் பல்ஜ் போரில் நின்றவர். பாப் செயின்ட் கிளேர், ஆறடி ஒன்பதங்குல உயரம். பந்தை எறிபவர் எட் பிரவுன். பயிற்சியாளர் ஜோ குஹாரிக் கண்டிப்பானவர். சீசனுக்கு முன்னால் அணியை வடக்குக் கலிபோர்னியாவில் கார்னிங் என்ற சிற்றூருக்குக் கூட்டிப்போய், கொளுத்தும் வெயிலில் பிழிந்தெடுத்தார். அணியின் செய்திகளைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோகும் வேலையைப் பார்த்தவர் பீட் ரோஸெல் என்ற இளைஞர். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள். பின்னால் மறுபடி வருவார்.

இனி சீசனுக்கு வருவோம். முதல் ஆட்டத்தில் சான் ஹோஸே ஸ்டேட் அணியை 39–2 என்று வென்றார்கள். அடுத்தடுத்து வந்தவர்களையும் சாய்த்தார்கள். அக்டோபரில் நாட்டின் மறுகோடிக்கு, நியூயார்க்குக்குப் போய் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தோடு மோதினார்கள். அந்த ஒரு ஆட்டம்தான் கடைசிவரை இழுபறியாக இருந்தது. மேட்சன் எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து 90 கஜமும் அதற்கு மேலும் ஓடிப் புள்ளி எடுத்தார். அதையே அந்த ஆட்டத்தில் இரண்டு முறை செய்தார். ஸ்கோர் 32–26. நவம்பரில் பலம் வாய்ந்த பசிஃபிக் கல்லூரியை அவர்களுடைய ஊரிலேயே 47–14 என்று வென்றார்கள். கடைசி ஆட்டம் பாஸடீனா நகரின் ரோஸ் பவுல் ஸ்டேடியத்தில், அமெரிக்காவிலும் அதே பெயரில் இருந்த லயோலா பல்கலைக்கழக அணியோடு, 20–2. ஒன்பதுக்கு ஒன்பது. அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக தூரம் பந்தை ஏந்தி ஓடியவர் மேட்சன்: 1,566 கஜம். அசோசியேட்டட் பிரஸ் தரவரிசையில் அணிக்கு 14-ஆம் இடம்.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் சீசன் முடிந்ததும் புத்தாண்டை ஒட்டி 'பவுல்' ஆட்டங்கள் நடக்கும். நன்றாக ஆடிய அணிகளை அந்தந்த ஊர்க் குழுக்கள் அழைக்கும். அழைப்பு வந்தால் கௌரவம் வரும், பணமும் வரும். பணம் இந்தக் கல்லூரிக்கு மிக அவசியமாக இருந்தது. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்குச் சொந்த ஸ்டேடியம் கிடையாது; நகரத்தின் கீசார் ஸ்டேடியத்தில் ஆடினார்கள். அதே ஸ்டேடியத்தில்தான் 49-யர்ஸ் என்ற தொழில்முறை அணியும் ஆடியது. பக்கத்திலேயே ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி என்று பெரிய பல்கலைக்கழகங்கள். சிறிய கல்லூரியின் ஆட்டத்துக்குச் சீட்டு வாங்க ஆள் குறைந்துகொண்டே போனது. அண்டைக் கல்லூரியான செயின்ட் மேரீஸ் 1950-ஆம் ஆண்டு சீசனோடு கால்பந்தையே மூடிவிட்டது. டான்ஸ் அணிக்கும் அதே கதி வருமா என்ற கேள்வி தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பவுல் அழைப்பு வந்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அழைப்பு எங்கிருந்து வரும்? கலிபோர்னியாவிலேயே நடக்கும் ரோஸ் பவுலில் இரண்டு குறிப்பிட்ட கூட்டமைப்புகளின் அணிகளுக்கு மட்டுமே இடம் என்று 1947 முதல் ஒப்பந்தம். எந்தக் கூட்டமைப்பிலும் சேராத இந்த அணிக்கு அந்தக் கதவு திறக்காது. மற்ற பெரிய பவுல்கள் எல்லாம் தெற்கே: மயாமியில் ஆரஞ்சு பவுல், நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுல், ஜாக்சன்வில்லில் கேட்டர் பவுல், டல்லஸில் காட்டன் பவுல். அன்றைய அமெரிக்கத் தெற்கு என்றால் 'ஜிம் குரோ' சட்டங்களின் நாடு. பள்ளி, பேருந்து, உணவு விடுதி, குடிநீர்க் குழாய் எல்லாவற்றிலும் வெள்ளையர் ஒருபுறம், கறுப்பர் மறுபுறம். 'பிரவுன்' என்ற வழக்கில் பள்ளிகளில் இனப் பாகுபாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

மைதானத்துக்குள்ளும் அதே நிலைதான். இந்த அணி வென்றுகொண்டிருந்த அதே அக்டோபரில், 20-ஆம் தேதி, ஓக்லஹோமா மாநிலத்தில் டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜானி பிரைட், பந்தைக் கைமாற்றிவிட்டு வெறுங்கையோடு நின்றிருந்தபோது, எதிரணிக்காரர் ஒருவர் முகத்தில் குத்தித் தாடையை உடைத்தார். ஒரு பத்திரிகையின் புகைப்படக்காரர்கள் அதை வரிசையாகப் படமெடுத்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் படங்களுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. டிரேக் பல்கலைக்கழகம் தான் ஆடிவந்த கூட்டமைப்பை விட்டே வெளியேறியது.

இந்தச் சூழலில்தான் டான்ஸ் அணிக்குத் தெற்கிலிருந்து சேதி வந்தது. தெளிவான நிபந்தனையோடு வந்தது என்று அந்த அணியினர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்: மேட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வருவதானால் வரலாம். வெளியே சொல்லப்பட்ட காரணம் வேறு. இவர்கள் மோதிய அணிகள் பலமானவை இல்லை என்றார்கள். இப்படிப்பட்ட நிபந்தனையை எவரும் பத்திரிகையில் விளம்பரம் செய்வதில்லை அல்லவா? வாய்மொழியாக வரும், கேட்டால் வேறு காரணம் தயாராக இருக்கும்.

அணியின் பதில் ஒரே வரியில் அடங்கியது. போனால் எல்லோரும் போவோம்; இல்லையென்றால் ஒருவரும் போகவேண்டாம். ஆகவே போகவில்லை. 1952 புத்தாண்டு நாளில் ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியா டெக்கும் பேய்லரும் ஆடின. ஒன்பது ஆட்டமும் வென்றவர்கள் வீட்டில் இருந்தார்கள். தோல்வியில்லை, சமனில்லை, அழைப்புமில்லை என்று பின்னாளில் அந்த அணிக்குப் பட்டம் வந்தது.

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இதை ஒரு நொடியில் பிறந்த வீரமாக நாம் நினைத்துவிடக் கூடாது. இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். ஜனநாயகத் தத்துவம் பேச வந்தவர்கள் இல்லை. அவர்களில் பலருக்கு அந்தப் பவுல் ஆட்டம் வாழ்க்கையில் ஒருமுறை மட்டுமே கிடைக்கக்கூடிய மேடை. அப்படியிருந்தும் பதில் சட்டென்று வந்ததென்றால், அந்தப் பதிலை அவர்கள் முன்பே எழுதி முடித்துவிட்டார்கள் என்று பொருள். கார்னிங் வெயிலில் ஒன்றாக வாடியபோது எழுதினார்கள். மேட்சனுக்காக வரிசை ஒவ்வொரு முறை முட்டித் திறந்தபோதும், எதிரணி ஓட்டத்தை டோலர் தடுத்து நிறுத்தி, பந்தைத் தன் அணிக்கு மீட்டுக் கொடுத்தபோதும் எழுதினார்கள். அந்த 1,566 கஜம் மேட்சன் ஒருவருடைய கணக்கு இல்லை என்று அந்த வரிசைக்குத் தெரியும்; தங்கள் ஒன்பது வெற்றியும் அந்த இருவர் இல்லாமல் வந்திருக்காது என்றும் தெரியும். நிபந்தனை வந்த நாளில் புதிதாக யோசிக்க அவர்களுக்கு எதுவும் மிச்சமில்லை.

எல்லா அணிகளும் இப்படி நடந்துகொள்ளவில்லை. 1934-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஜார்ஜியா டெக்கோடு ஆட இருந்தது. கறுப்பின வீரர் வில்லிஸ் வார்ட் ஆடினால் தாங்கள் ஆட மாட்டோம் என்றது தெற்கத்தி அணி. மிச்சிகன் வார்டை உட்காரவைத்துவிட்டு ஆடியது. 9–2 என்று வென்றது. அந்த ஆண்டு மிச்சிகன் வென்ற ஆட்டம் அது ஒன்றுதான். மற்ற ஏழிலும் தோற்றது. அந்த அணியில் வார்டின் நண்பராக ஆடிய ஒருவர், தன் தோழனுக்கு நேர்ந்த அவமானத்தை அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் மறக்காமல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அவர் பெயர் ஜெரால்ட் ஃபோர்ட். அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி. நாட்டின் மிக உயர்ந்த நாற்காலியில் அமர்ந்து எழுந்த மனிதரின் நெஞ்சிலும் அந்த வெற்றி முள்ளாகவே தங்கியிருந்தது.

மறுத்தவர்களும் இருந்தார்கள். 1946-இல் பென் ஸ்டேட் அணி, கறுப்பின வீரர்களை விட்டுவிட்டு மயாமிக்குப் போவதைவிட ஆட்டத்தையே கைவிடுவது மேல் என்று முடிவெடுத்தது. டான்ஸ் அணிக்குப் பிறகு 1958-இல் பஃபலோ பல்கலைக்கழக அணிக்கு, அதன் வரலாற்றிலேயே முதல் பவுல் அழைப்பு வந்தது. தங்கள் இரண்டு கறுப்பின வீரர்கள் அங்கே ஆட முடியாது என்று தெரிந்ததும் அணியினர் ஒன்றுகூடி, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். கல்லூரி மைதானங்களில் இனச்சுவர் விழுந்ததற்குப் பெரிய தலைவர்களும் நீதிமன்றங்களும் காரணம். பெயர் வெளியே தெரியாத இத்தகைய ஆட்டக்காரர்களும் காரணம்.

இப்போது விலையைப் பற்றிச் சொல்கிறேன். நல்லது செய்தவர்களுக்கு உடனே நல்லது நடந்தது என்று முடித்தால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். பவுல் பணம் வரவில்லை. அந்தச் சீசனோடு பல்கலைக்கழகம் தன் கால்பந்து அணியைக் கலைத்துவிட்டது. இவர்கள் கடைசியாக வென்ற லயோலாவும் அதே ஆண்டு கலைத்தது. சாண்டா கிளாரா என்ற இன்னொரு கல்லூரி அடுத்த ஆண்டு கலைத்தது. படிப்பு முடியாமல் இருந்த செயின்ட் கிளேர் தன் கடைசிச் சீசனை ஆட டல்ஸாவுக்கு மாறிப்போனார். நாட்டில் எவரையும்விட அதிக தூரம் ஓடிய மேட்சனுக்கு, சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் வாக்கெடுப்பில் ஒன்பதாம் இடம்தான் தந்தார்கள். அந்த அணியின் பெயர் பல ஆண்டுகள் எவர் வாயிலும் வரவில்லை.

ஆனால் மனிதர்கள் நின்றார்கள். மேட்சன் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும், தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வென்றார். தொழில்முறை ஆட்டத்தில் அவருடைய மதிப்பு எவ்வளவு தெரியுமா? 1959-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி, மேட்சன் ஒருவருக்காக ஒன்பது பேரைக் கொடுத்து அவரை வாங்கியது. அந்த ஒப்பந்தத்தைச் செய்தவர் பழைய செய்தித் தொடர்பாளர் பீட் ரோஸெல். அடுத்த ஆண்டே ரோஸெல் தேசியக் கால்பந்து லீகின் கமிஷனர் ஆனார். 1989 வரை அந்தப் பதவியில் இருந்தார். மேட்சனும் மார்ச்செட்டியும் 1972-இல் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள். ரோஸெல் 1985-இல், செயின்ட் கிளேர் 1990-இல். ஒரே ஆண்டு ஆடிய ஒரே கல்லூரி அணியிலிருந்து மூன்று ஆட்டக்காரர்கள்!

ஆயினும் எனக்கு மிகவும் நெருக்கமான வாழ்க்கை பர்ல் டோலருடையது. தொழில்முறை அணி ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஆனால் 1952-இல், பட்டம் முடித்தவர்களின் நட்சத்திர ஆட்டத்தில், முழங்கால் போயிற்று. ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடவில்லை. அவர் ஆசிரியர் ஆனார். சான் பிரான்சிஸ்கோ மாவட்டத்தில் உயர்நிலை வகுப்புகள் கொண்ட பள்ளிக்குத் தலைமையாசிரியரான முதல் கறுப்பினத்தவர் ஆனார். விளையாட்டையும் விடவில்லை. 1965-இல் தேசியக் கால்பந்து லீகின் முதல் கறுப்பின நடுவராகக் களம் இறங்கினார். இருபத்தைந்து சீசன்கள் அந்தப் பணியில் இருந்தார். 1980 ஜனவரியில், அந்த லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் நடுவர் குழுவில் நின்ற முதல் கறுப்பினத்தவரும் அவரே. அந்த ஆட்டம் நடந்தது பாஸடீனாவின் ரோஸ் பவுல் ஸ்டேடியத்தில். 1951-இல் டான்ஸ் அணி தன் கடைசி வெற்றியைப் பெற்ற அதே புல்வெளி. விட்டுவிட்டு வாருங்கள் என்று யாரைச் சொன்னார்களோ, அவர் கையில்தான் அன்றைய ஆட்டத்தின் நியாயத்தை நாடு ஒப்படைத்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதி ஒன்றுக்கு ஜேம்ஸ் ஃபீலன் என்பவரின் பெயர் இருந்தது. நகரத்தின் மேயராகவும் செனட்டராகவும் இருந்தவர். சீனரும் ஜப்பானியரும் கலிபோர்னியாவில் குடியேறக் கூடாது என்று இயக்கம் நடத்தி, கலிபோர்னியாவை வெள்ளையரின் மண்ணாகவே வைத்திருப்போம் என்று முழக்கமிட்டு வாக்குக் கேட்டவர். மாணவர்கள் அந்தப் பெயர் வேண்டாம் என்றார்கள். 2017-இல் பல்கலைக்கழகம் அதை எடுத்துவிட்டு, டோலர் ஹால் என்று பெயரிட்டது. அன்று அணித் தோழர்கள் அவர் பக்கம் நின்றார்கள். அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து, அவரைக் கண்ணால் கண்டிராத மாணவர்கள் அவர் பக்கம் நின்றார்கள்.

மாணவர்களே, நீங்களும் அணியாக ஆடுகிறவர்கள். இன்று சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. எந்தப் போட்டிக் குழுவும் ஒருவரின் பிறப்பைச் சொல்லி விலக்கிவிட முடியாது. ஆனால் விட்டுவிட்டு வா என்ற குரல் சட்டம் பார்க்காத இடங்களில் இன்னும் மெதுவாக ஒலிக்கும். அறை பகிரும்போது ஒலிக்கும். வெளியூர்ப் பயணத்தில் சாப்பாட்டுப் பந்தியில் ஒலிக்கும். ஷூ வாங்க முடியாதவனைப் பயிற்சிக்கு அழைக்காமல் விடும்போது ஒலிக்கும். திறமை இருந்தும் இன்னார் வீட்டுப் பிள்ளை என்பதற்காக ஒருவரைப் பதிலி இருக்கையிலேயே வைத்திருக்கும்போது ஒலிக்கும். பெரும்பாலும் அதற்கு நியாயமானதுபோல் ஒரு வெளிக்காரணம் ஒட்டப்பட்டிருக்கும்.

அந்தக் குரல் வரும் நாளில் யோசித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். அன்று கோப்பை கண்ணெதிரே இருக்கும். காரணங்கள் இனிப்பாகக் கேட்கும். கேப்டன்களுக்கு என் வேண்டுகோள் இது: சீசனின் முதல் பயிற்சி நாளிலேயே உங்கள் அணி ஒரு முடிவை எடுத்துக்கொள்ளட்டும். நம்மில் எவரையும் விட்டுவிட்டு நாம் எங்கும் போவதில்லை என்று சொல்லிக்கொள்ளுங்கள். தினமும் ஒன்றாகச் சாப்பிட்டும், ஒருவருக்காக ஒருவர் முட்டுக்கொடுத்தும் அந்தச் சொல்லை உறுதியாக்குங்கள். அதற்கு விலை உண்டு என்பதையும் தெரிந்தே சொல்லுங்கள். சில கோப்பைகள் கைவிட்டுப் போகலாம். அந்த விலையைக் கொடுக்கத் துணிந்த அணிக்குத்தான், ஆட்டம் முடிந்து ஐம்பது ஆண்டு கழித்துச் சந்தித்தாலும், ஒருவர் கண்ணை ஒருவர் நேராகப் பார்க்கும் உரிமை கிடைக்கும். அந்த உரிமையைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள் என்று உங்களை வாழ்த்தி விடைபெறுகிறேன்.